பருத்திப் பெண்டின் கணக்கேடு

இடைச்சொல் பாடம் நடத்தும்போது ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று பொருள்களை அடுக்கிச் சொல்வோம். அன்றாடப் பேச்சில் ‘தானே’ என்று வந்து ஒட்டிக்கொள்ளும் ஏகாரம் செய்கிற இன்னொரு வேலையை நாம் வகுப்பில் சொல்வதில்லை. ‘வீட்டோடு செய்கிற வேலைதானே’, ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே’, ‘நாலு தாளை மடித்துத் தைப்பதுதானே’ என்னும் தொடர்களில் அது உழைப்பின் மதிப்பைப் பாதியாகக் குறைக்கிறது. இதற்கு இலக்கணப் பெயர் ஒன்று வேண்டுமென்றால் ‘குறைநிலை ஏகாரம்’ என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்தபடியே சிறுதொழில் செய்யும் பெண்களின் வாழ்வு முழுவதும் இந்த ஏகாரத்தின் நிழலில்தான் கழிகிறது.

கையால் தைத்த குறிப்பேடு, கையால் செய்த வாழ்த்து அட்டை, கடித உறை, பக்கக்குறி அட்டை ஆகியவற்றைச் செய்து விற்கும் பெண்கள் கடந்த சில ஆண்டுகளில் நம் சிற்றூர்களிலும் பெருகியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தொழிலையும் குடும்பத்தையும் ‘சமநிலையில்’ வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. கேள்வி நல்லெண்ணத்தோடுதான் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர் அவர் ஒருவரே என்ற முடிவும் அதற்குள் அடங்கியிருக்கிறது. அத்தொழிலில் செலவாகும் நேரத்தை யாரும் எழுதி வைக்காதவரை சமநிலையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதே நம் கருத்து. அளக்காத பண்டத்தை எந்தத் தராசில் வைப்பது?

இந்தப் பேச்சு புதிதன்று. வீட்டுத்தொழில் செய்யும் பெண்ணைத் தமிழ் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. புறநானூற்றில் ‘பருத்திப் பெண்டு’ வருகிறாள். ஊர் உறங்கும் நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிக் கோழிப்பேடை அலறுகிறது. பஞ்சின் கோதும் தூசும் புடைத்துப் போக்குவதற்காக எழுந்த அப்பெண் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அமைதி கொள்கிறது. அழகான காட்சி என்று உரை சொல்லிக் கடந்துபோகிறோம். அந்த நேரத்தில் அவள் ஏன் விழித்திருக்கிறாள் என்று நாம் கேட்பதில்லை. பகல் முழுவதும் வேறு வேலைகளுக்குச் சொந்தமாக இருந்ததால் இரவு மட்டுமே மிஞ்சியிருக்கலாம் என்று இன்றைய எந்தக் குடும்பத்தலைவியும் உரையின்றியே பொருள் கூறிவிடுவார்.

நற்றிணையில் ஆடவர் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் இழைத்த நுண்ணிய பஞ்சு, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. அந்தப் பஞ்சைக் குறிக்கும் சொல் ‘பனுவல்’. பின்னாளில் நூலுக்கும் இலக்கியப் படைப்புக்கும் அதே சொல் பெயராயிற்று. நன்னூற் பாயிரம் இந்த உறவை ஓர் உருவகமாகவே விரித்துவிட்டது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு அவள் கதிர். நூல் நூற்பவளைக் கொண்டு நூல் எழுதுபவனை விளக்கிய மரபு நம்முடையது. பருத்திக் கந்தலிலிருந்து காகிதம் செய்து, அதைப் பருத்தி நூலால் தைத்து, குறிப்பேடாக நம் கையில் தரும் பெண் அந்த உருவகத்தின் நேர் வாரிசு. உவமையை எடுத்துக்கொண்ட நாம் உவமைக்கு உரியவளின் கணக்கைக் கேட்டதில்லை.

*

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையில் இருக்கிறது நம் செம்பட்டி. படித்த இளம்பெண்ணுக்கு இங்கே திறந்திருக்கும் வழிகள் அதிகமில்லை. நூற்பாலைப் பேருந்தில் ஏறி ஷிப்டு வேலைக்குப் போகலாம். தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியர் ஆகலாம். திருமணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டால் இவ்விரண்டும் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன. அப்போது எஞ்சுவது ‘வீட்டோடு ஏதாவது’ என்பதே.

அதற்கு முன்மாதிரி தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சின்னாளபட்டி அருகில்தான் இருக்கிறது. தறி இருக்கும் வீட்டில் தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ்தான் நடந்துவந்திருக்கின்றன. தறியில் அமர்ந்து நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. நூல் இழைத்து, தார் சுற்றி, பாவுக்குக் கைகொடுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிக்கூலி என்பது வழக்கமில்லை. சேலையின் கூலிக்குள் அவர்கள் உழைப்பு கரைந்துவிடும். குடும்பத் தொழில் என்ற சொல் இனிமையானது. அதற்குள் சிலர் மட்டும் தொழிலாளராகவும் மற்றவர் குடும்பமாகவும் எண்ணப்பட்டனர்.

நம்மிடம் தமிழ் முதுகலை பயின்ற மாணவி ஒருவர் இப்போது செம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார். வெளியூரிலிருந்து கைக்காகிதம் வரவழைத்து, சுங்குடித் துணியின் வெட்டுத்துண்டுகளை அட்டைக்குப் போர்த்தி, குறிப்பேடுகள் செய்கிறார். வாங்குவோர் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வருகிறார்கள். திண்டுக்கல் புத்தகத் திருவிழாவின்போது விற்பனை சற்றுக் கூடும். அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்தபோதுதான் நேரம் என்பதன் இயல்பு நமக்கு விளங்கியது.

குறிப்பேடு செய்வதில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. தாளை மடிப்பது, மடித்ததை ஒன்றனுள் ஒன்று செருகிக் கட்டுகளாக்குவது, குத்தூசியால் துளையிடுவது, மெழுகு தடவிய நூலால் தைப்பது ஆகியவற்றை எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு எழலாம். குக்கர் விசில் வந்தால் எழுந்து போகலாம்; பிள்ளை அழுதால் தூக்கிக்கொள்ளலாம். பசை வேலை அப்படியன்று. அட்டையில் பசை தடவியபின் துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, மூலைகளை மடித்து, உள்தாளை ஒட்டி, பாரத்தின் கீழ் வைக்கும்வரை கை எடுக்கக் கூடாது. நடுவில் பத்து நிமிடம் போனால் பசை இறுகிவிடும், அட்டை வளைந்துவிடும், துணியும் காகிதமும் வீண். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஒட்டியது காய்வதற்கே கூடுதல் நாளாகும்.

பசையிலும் ஒரு செய்தி இருக்கிறது. பைண்டிங் செய்வோர் மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். மயில்துத்தம் நஞ்சு. அதைச் சமையல் பாத்திரத்தில் காய்ச்ச முடியாது, தவழும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்க முடியாது. ஆகவே நம் மாணவி, வீட்டார் அனைவரும் உறங்கியபின் தனிச் சட்டியில் பசை காய்ச்சுகிறார். பசை வேலையையும் அப்போதே முடிக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பருத்திப் பெண்டு நள்ளிரவில்தான் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைவிட அது முழுதாகக் கிடைக்கிறதா, துண்டு துண்டாகக் கிடைக்கிறதா என்பதே இத்தகைய தொழிலில் முதன்மையான கேள்வி. கால்மணிக் கணக்கில் சிதறிக் கிடக்கும் மூன்று மணி நேரம், ஒட்டுமொத்தமான ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது. எழுத்தாளர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒரு பத்தி எழுதும்போது மூன்று முறை அழைக்கப்பட்டால் அந்தப் பத்தி என்னவாகும் என்று அவர்களைக் கேட்டால் போதும்.

*

இனி விலைக் கணக்குக்கு வருவோம். கையால் தைத்த குறிப்பேடு ஒன்றின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காகிதம், அட்டை, துணி, நூல், பசை எல்லாம் சேர்த்து 80 ரூபாய். உறையும் பொதியும் கூரியர் அலுவலகம் சென்று வரும் செலவும் 20 ரூபாய். மீதம் 100 ரூபாய். ‘பாதிக்குப் பாதி இலாபம்’ என்று கேட்பவர் வியப்பார்.

நேரத்தை எழுதிப் பார்ப்போம். வெட்டி மடிக்க 25 நிமிடம், துளையிட்டுத் தைக்க 40 நிமிடம், அட்டைக்குத் துணி போர்த்த 30 நிமிடம், ஓரம் சீர்செய்து சரிபார்க்க 15 நிமிடம், படம் எடுத்து அனுப்பி, ‘இதே நிறத்தில் வேறு உண்டா’ என்னும் வினாக்களுக்கு விடை சொல்லி, பொதி கட்ட 40 நிமிடம். ஆக 150 நிமிடம். இரண்டரை மணி நேரத்துக்கு 100 ரூபாய். மணிக்கு 40 ரூபாய். எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்தாலும் 320 ரூபாய்தான் தேறும். 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். ஓரிரு குறிப்பேடுகள் பழுதானால் இடைவெளி இன்னும் அகலும். எட்டு மணி நேரம் என்பதும் கணக்குக்காகச் சொன்னது. அவருக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரமே.

விலையை ஏன் உயர்த்தக்கூடாது என்று கேட்கலாம். உயர்த்த முடியாததற்குச் சந்தை மட்டும் காரணமன்று. அவரே தம் நேரத்தை விலையில் சேர்ப்பதில்லை. ‘அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் தைத்ததுதானே’ என்கிறார். குறைநிலை ஏகாரம் பிறர் நாவிலிருந்து அவர் நாவுக்கே குடிபெயர்ந்துவிட்டது. அந்த ஏகாரத்தின் பணமதிப்பை ஏறத்தாழச் சொல்லிவிடலாம்: குறிப்பேடு ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம்.

*

கைக்காகிதத்தைப் பற்றிப் பேசும்போது ஜே.சி. குமரப்பாவை விட்டுவிட முடியாது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, பின்னர் காந்தியரானவர். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளர். அச்சங்கத்தின் நடுவமாக வார்தாவில் இருந்த மகன்வாடியில் நடந்த கிராமத் தொழில்களுள் கைக்காகிதம் செய்வதும் ஒன்று. இறுதிக்காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இன்று கைக்காகித ஆய்வுக்கென இருக்கும் தேசிய நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிறையில் எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில் குமரப்பா பொருளாதாரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். ஒட்டுண்ணிப் பொருளாதாரம் கடைசிப் படி; அதன்மேல் பறித்துண்பது, தானே முயன்று ஈட்டுவது, கூடி உழைப்பது என்று ஏறி, சேவைப் பொருளாதாரத்தில் முடிகிறது. அதற்கு அவர் காட்டும் சான்று, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை தேடி ஊட்டும் தாய்ப்பறவை.

குமரப்பாவின்மீது நமக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தாய்மையை உச்சப்படியில் வைத்த சிந்தனை, அந்தத் தாய்க்கும் ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமே உண்டு என்பதைக் கணக்கில் கொண்டதா? சேவை என்ற சொல்லுக்கு வழங்கப்பட்ட உயர்பீடம், அதைச் செய்பவரிடம் கணக்குக் கேட்பதையே அநாகரிகமாக்கிவிடவில்லையா? குமரப்பா கணக்கில் கண்டிப்பானவர். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணப் பணத்தைக் காந்தியே மதிக்கும்படி காத்தவர். சேவை உயர்ந்தது, ஆகவே அதைக் கணக்கெழுத வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். பொதுப்பணத்துக்கு அவர் காட்டிய கண்டிப்பை வீட்டு உழைப்புக்கும் நீட்டுவதே அவர் வழியில் நடப்பதாகும் என்று நாம் கருதுகிறோம்.

*

வீட்டிலேயே கைத்தொழில் செய்து வென்றவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். இலக்கிய வாசகர்கள் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1917இல் வெர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லியனார்டும் சிறிய கை அச்சுப்பொறி ஒன்றை வாங்கி ரிச்மண்டில் இருந்த தங்கள் வீட்டின் உணவறையில் வைத்தார்கள். எழுத்துருக்களோடு சேர்த்து அதற்கு ஆன செலவு 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்ஸ். எழுத்துக் கோப்பதும் தைப்பதும் வெர்ஜீனியா; அச்சிடுவது லியனார்டு. அவ்வாண்டு ஜூலையில் இருவரும் ஆளுக்கொரு கதை எழுதி, 150 படிகள் கொண்ட முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தார்கள். ஹோகார்த் அச்சகத்தின் வரலாறு இப்படி ஒரு சாப்பாட்டு மேசையருகே தொடங்கியது.

ஆனால் அந்த மேசைக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? 1916 முதல் அவ்வீட்டில் நெல்லி பாக்சால் சமைத்தார். லாட்டி ஹோப் வீட்டுவேலை பார்த்தார். அவர்கள் இருவரும் இல்லாவிட்டால் அந்த 150 படிகள் எப்போது தைக்கப்பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

நம் மொழியில் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) இருக்கிறார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழைத் திருவல்லிக்கேணியில் இருந்து நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். குழந்தைப் பருவத்திலேயே மணமாகி வந்தவர், பள்ளியில் படிக்காதவர். எழுதப் பழகாத தொடக்கநாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்தவர் தோழி பட்டம்மாள். மனைவி இதழ் நடத்துவதை ஊர் ஏற்காத காலத்தில் உடன் நின்றவர் கணவர் பார்த்தசாரதி.

இரண்டு வரலாறுகளிலும் நாம் காண்பது ஒன்றே. வீட்டிலிருந்து நடந்த எந்தத் தொழிலும் ஒருவர் கையால் நடக்கவில்லை. இன்னொரு இணைக் கை எப்போதும் இருந்திருக்கிறது. அதற்குக் கூலி இருந்ததா, பெயர் இருந்ததா, அல்லது இரண்டும் இல்லாமல் ‘உதவி’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோயிற்றா என்பதில்தான் வேறுபாடு. நம் மாணவி வீட்டில் அந்தக் கை அவருடைய மாமியாருடையது. பேரக்குழந்தையை அவர் வைத்துக்கொள்ளும் மாலை நேரத்தில்தான் தையல் நடக்கிறது. கணவர் ஞாயிறுகளில் தாள் வெட்டித் தருகிறார். அதை அவ்வீட்டில் உதவி என்கிறார்கள். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயரும் இல்லை. ஆணின் அரைமணி நேரம் உதவியாகவும் முதிய பெண்ணின் மூன்று மணி நேரம் இயல்பாகவும் தோன்றுவது எந்த ஒரு வீட்டின் குறையும் அன்று. நம் மொழியே அப்படித்தான் பழகியிருக்கிறது.

பெண்ணுக்குச் சொந்த அறை வேண்டும் என்று 1929இல் எழுதிய வுல்ஃப், ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானத்தோடு அறைக்கதவில் பூட்டு ஒன்றும் வேண்டும் என்றார். திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுச் செய்யும் மாவட்டத்தில், பசை காய்வதற்கு ஒரு மணி நேரம் தாழிட்டுக்கொள்ளும் அறை எத்தனை பெண்களுக்கு இருக்கிறது? தனி அறை பலருக்கு இயலாத செலவு. தனி நேரத்துக்குச் செங்கல் வேண்டாம்.

*

இது ஒரு வீட்டின் கதை அன்று என்பதற்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். 15 முதல் 59 வயது வரையுள்ளோரில், பிள்ளைகளையும் முதியோரையும் பேணும் பெண்கள் அதற்கு மேலும் 140 நிமிடங்கள், ஆண்கள் 74 நிமிடங்கள். இரண்டையும் செய்யும் பெண்ணின் நாளில் ஏழு மணி நேரம் இப்படிப் போய்விடுகிறது. மிஞ்சியதில்தான் உறக்கமும் தொழிலும்.

சட்டங்களின் பார்வையும் இவர்மேல் படுவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழித் தொழிலாளர் குறித்த 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஏற்றாலும், பிறர் தரும் வேலையை வீட்டில் செய்து கூலி பெறுவோரையே அது பெரிதும் கருதுகிறது. தானே செய்து தானே விற்பவர் அதற்கும் வெளியே நிற்கிறார். தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டது கவனிக்கத்தக்கது. தொகையின் அளவு குறித்து விவாதிக்கலாம். வீட்டு உழைப்பு உரிமை தரும் உழைப்பு என்று அரசின் ஏட்டில் ஏறிவிட்ட சொல்லை நாம் வீட்டின் ஏட்டிலும் ஏற்றலாம் அல்லவா?

இதற்கு மறுப்புகள் உண்டு. அன்பையும் மணிக்கணக்கில் அளப்பதா, குடும்பம் என்ன தொழிற்சாலையா என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம். ஆனால் நேரத்தை எழுதி வைப்பது கூலி கேட்பதற்காக மட்டுமன்று, தெரிந்துகொள்வதற்காக. மகனின் படிப்புச் செலவை எழுதி வைக்கும் தந்தைக்கு மகன்மேல் அன்பில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அதைச் சொன்னவர் நம் மாணவியேதான். ‘எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது ஐயா. பள்ளிக்கூடத்தில் ஐயாயிரத்துக்கு நின்றுகொண்டே இருப்பதைவிட இது மேல். இதில் என் பெயர் இருக்கிறது’ என்றார். அவர் சொல்வது உண்மை. தைத்து முடித்த குறிப்பேட்டைக் கையில் வைத்துப் புரட்டும்போது அவர் முகத்தில் தெரியும் நிறைவை நாமும் கண்டிருக்கிறோம். கைத்தொழிலின் விடுதலை அது. வேண்டியபோது செய்வதும் வேண்டாதபோது நிறுத்துவதும் நூற்பாலை ஷிப்டில் கிடைக்காதவை. ஆகவே வீட்டுத்தொழிலை விட்டுவிடச் சொல்வது நம் நோக்கமன்று. பிடித்த வேலை என்பதனாலேயே அது மலிவாக இருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் சொல்கிறோம். கல்லூரியில் நமக்கும் பாடம் சொல்வது பிடித்த வேலைதான்; அதற்காக யாரும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதில்லை.

செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, மூன்று பத்திகள் கொண்ட கணக்கேடு: பொருள் செலவு, தொழில் நேரம், அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பெயர். அவரே தைத்த குறிப்பேடு ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். மூன்றாவது பத்தியில் மாமியாரின் பெயர் ஏறும்போது அவ்வீட்டின் பேச்சு மாறும் என்று நம்புகிறோம். இரண்டாவது, வாரத்துக்கு இரண்டு முறையேனும் பகலில் குறுக்கீடற்ற இரண்டு மணி நேரம். அப்போது அடுப்பும் பிள்ளையும் வேறொருவர் பொறுப்பு. பசை வேலை பகலுக்கு வந்துவிடும். மூன்றாவது, விலையில் கூலியைச் சேர்ப்பது. மேற்சொன்ன கணக்கில் மணிக்கு 70 ரூபாய் என்று வைத்தாலும் குறிப்பேட்டின் விலை 275 ரூபாய் ஆகிறது. சிலர் வாங்காமல் போவார்கள். குறைவாக விற்றாலும், அடிமாட்டு விலைக்கு இரவெல்லாம் தைப்பதைவிட அது நன்று.

சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் கைக்காகிதத்தில் திரையச்சு முறையில் அச்சிட்டுக் கையால் தைத்த நூல்களை வெளியிட்டு உலக அளவில் பெயர் பெற்றது. கோண்டு ஓவியர்கள் மரங்களை வரைந்த அதன் நூலுக்கு 2008இல் போலோன்யாவில் விருதும் கிடைத்தது. அந்நூல்கள் தனிப் பட்டறையில், ஊதியம் பெறும் கைவினைஞர்களால் செய்யப்படுபவை. நேரத்துக்குக் கூலி வைத்த கைவினைப் பொருளையும் வாங்க ஆள் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

எஞ்சுவது வாங்குவோராகிய நம் பொறுப்பு. நூல் வெளியீட்டு விழா, கருத்தரங்கு, பணி நிறைவுப் பாராட்டு என்று நம் இலக்கிய உலகம் நினைவுப் பரிசுகளுக்காக இப்பெண்களைத் தேடிச் செல்கிறது. ‘ஐம்பது எடுக்கிறோம், பார்த்துப் போட்டுக் கொடுங்கள், நாளை மறுநாள் விழா’ என்கிறோம். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ பற்றி அதே மேடையில் உருகிப் பேசுகிறோம். அந்த ஐம்பதுக்கு 125 மணி நேரம் ஆகும் என்பதும், இரண்டு நாளில் 48 மணி நேரமே உண்டு என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை. இனி விலை கேட்பதற்கு முன்பு ‘இதற்கு எத்தனை மணி நேரம் ஆகும்?’ என்று கேட்போம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவோம். அவர் முதலில் தயங்கித் ‘தைப்பதுதானே ஐயா’ என்றுதான் தொடங்குவார். நாம் காத்திருந்து, அவர் கணக்கைச் சொல்லி முடித்தபின் பணத்தைக் கொடுப்போம்.